செவெரினா சொன்ன நான்கு பொய்கள்

எங்கள் ஊரில் பாதிப் பேரை செவெரினா தோமொவாவுக்கு எலும்பு வரை தெரியும். ரூசேயில் ஒரு பாலிகிளினிக்கின் இரண்டாம் மாடியில் இருபத்து நான்கு வருடங்களாக எக்ஸ்ரே எடுக்கிறாள். கடைத்தெருவில் யாராவது நின்று நலம் விசாரித்தால், முகத்தைப் பார்த்து விழிப்பாள். அவர்கள் நகர்ந்த பிறகு, "இடது தோள்பட்டை. போன மார்ச்," என்பாள். முகம் அவளுக்கு ஞாபகம் இருக்காது.

பேச்சும் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய வாய். கல்யாணமாகி ஆறு வருடத்தில் பிரிந்து வந்தவள். ஏன் என்று கேட்டால், "அவன் சொன்னது எதுவும் நிஜமில்ல, நான் கேட்டது எதுவும் தப்பில்ல," என்பாள். அதற்கு மேல் அந்தக் கதையில் எதுவும் கிடைக்காது.

நான் இஸ்க்ரா. பேட்டை நூலகத்தில் குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி மாதம், காலில் மாவுக்கட்டோடு ஒரு பெண் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். 'நிழல்சுங்கம்' இரண்டாம் பாகம் வேண்டும் என்றாள்.

"குழந்தைக்கா?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான். ஏன், வயசுச் சான்றிதழ் வேணுமா?"

கிளினிக்கில் யாரோ ஒரு பையன் காத்திருந்த பெஞ்சில் முதல் பாகத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஒரு மாதம் மேசை இழுப்பறையில் வைத்திருந்து, யாரும் கேட்டு வரவில்லை என்றதும், பனியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்ட வாரத்தில் படித்திருக்கிறாள். அன்று இரண்டாம் பாகத்தை வாங்கிக்கொண்டு போனவள், நான்காம் நாள் மூன்றாம் பாகத்துக்கு வந்துவிட்டாள்.

நிழல்சுங்கம் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காக எழுதிய தொடர். வெளிநாட்டு எழுத்தாளர்; இந்தக் கதை நடந்த குளிர்காலத்தில் எங்கள் மொழியில் ஆறு பாகம் வந்திருந்தது, ஏழாவது பாக்கி. ஓர்வெல்மார் என்று ஒரு கோட்டை நகரம். அங்கே பதிமூன்று வயதானதும் ஒவ்வொரு பிள்ளையும் தன் நிழலைக் கோட்டை வாசலில் சுங்கமாகக் கட்டிவிட வேண்டும். நேரின் என்ற பெண் கட்ட மறுத்து ஓடிவிடுகிறாள். அவளோடு ஓடுகிறவன் அவள் சிநேகிதன் டாவின். ஆறாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் அந்த டாவினே எதிரிப் படைக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிடுகிறான். அதோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. இரண்டு வருடமாக ஊர் ஊராகப் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள்: டாவின் துரோகியா, இல்லையா?

எங்கள் நூலகத்திலும் அடித்துக்கொண்டோம். சனிக்கிழமை மூன்று மணிக்குக் குழந்தைகள் அறையில் கூடுவோம். நாற்காலிகள் முழங்கால் உயரம். உட்கார்ந்தால் முட்டி காதைத் தொடும். செவெரினா, நான், திரைச்சீலைக் கடை வைத்திருக்கும் அறுபத்தொரு வயது மின்கா, பல்கலைக்கழகத்தில் படிக்கும் இருபது வயது பிளமெனா. மின்கா வீட்டிலிருந்து பாலாடைக்கட்டி வைத்த பானிட்சா சுட்டுக்கொண்டு வருவாள். நான் லிண்டன் பூ போட்டுத் தேநீர் வைப்பேன். பிளமெனா செவெரினாவின் செல்லம். பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே என்று அந்தப் பெண்ணுக்காகக் கூட்டத்தைக் கால் மணி முன்னதாக முடித்துவிடுவாள்.

நவம்பரில் ஒக்னியான் வந்து சேர்ந்தார். ஐம்பத்து நான்கு, ஐம்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு, முழங்கையில் ஒட்டுப்போட்ட கோட்டு. வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்து வந்தேன் என்றார். என்ன வேலை என்று மின்கா கேட்டதற்கு, "வீட்டுலேருந்தே பண்றது" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை. ஆறு பாகத்தையும் வரிக்கு வரி தெரிந்து வைத்திருந்தார். ஆனால் வாதாட மாட்டார். கேட்பார். கேட்டுவிட்டு, மடியில் வைத்திருக்கும் பச்சை அட்டை நோட்டில் எழுதிக்கொள்வார்.

"ஆளப் பாத்தா பேயா போலீஸான்னு தெரியலயே," என்று பிளமெனா என் காதில் சொன்னாள்.

செவெரினா சிரிக்கவில்லை. அவள் பார்வை அந்த நோட்டிலேயே இருந்தது.

அந்தக் குளிர்காலத்துப் பேச்சு ஒன்று எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"டாவின் துரோகி. இதுல பேச என்ன இருக்கு?" என்றாள் செவெரினா.

"பாவம்டி அவன். பதினாறு வயசுப் பையன். அம்மாவும் இல்ல," என்றாள் மின்கா.

"அம்மா இல்லாதவனெல்லாம் கோட்டைக் கதவத் திறந்து விட்டுருவானா அக்கா?"

பிளமெனா துள்ளி எழுந்தாள். "நேரினே அவனத் திறக்கச் சொல்லியிருப்பா! அஞ்சாவது பாகத்துல அவன் காதுல ஏதோ சொல்றா, என்னன்னு எழுதவே இல்ல. முன்னூத்திப் பன்னண்டாம் பக்கம். எடுத்துப் பாருங்க."

"காதுல என்ன சொன்னாளோ. 'மூக்கத் தொடைடா'ன்னு கூடச் சொல்லியிருப்பா," என்றாள் செவெரினா.

ஒக்னியான் பேச்சில் மெல்ல நுழைந்தார். "சரி, துரோகின்னே வச்சுக்குவோம். மறுபடியும் அவன நேர்ல பாத்தா நேரின் என்ன சொல்லுவா? நீயா இருந்தா என்னம்மா சொல்லுவ?"

பிளமெனா யோசிக்கவே இல்லை. "'ஒனக்கு வச்சிருந்த எடத்துல இப்ப வேற ஆள் உக்காந்தாச்சு'ன்னு சொல்லுவேன்."

அவர் அதை எழுதிக்கொண்டார். பிறகு மின்காவிடம் திரும்பி, சுங்கம் வாங்குகிறவர்களுக்குப் புத்தகத்தில் இருக்கும் 'நிழலறுப்பவர்' என்ற பெயர் காதுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். அதையும் எழுதிக்கொண்டார்.

அன்று கூட்டம் கலைந்ததும் செவெரினா என்னோடு பின்தங்கினாள். "இஸ்க்ரா, அந்தாளு நம்ம சொல்றத எதுக்குடி எழுதுறான்?"

"படிக்கிறவங்க சில பேர் எழுதுவாங்க. எல்லாத்தையும் சந்தேகப்படாத."

"புத்தகத்தப் பத்தி எழுதல. நம்மளப் பத்தி எழுதுறான். பேனா நம்ம பேசும்போதுதான் ஓடுது."

அவளுடைய சந்தேகத்துக்கு வேர் இருந்தது. அவள் அப்பா பழைய கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் ஆற்றுத் துறைமுகத்தில் மேற்பார்வையாளர். சாயங்காலம் வீட்டில் நாலு பேர் சேர்ந்து சீட்டாடுவார்கள், மந்திரிகளைப் பற்றி ஜோக் அடிப்பார்கள். ஒரு நாள் காரணம் சொல்லாமல் அவரை மூட்டை தூக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். ஆட்சி மாறி, ரகசியக் கோப்புகளைத் திறந்து காட்டிய காலத்தில் அவர் போய்ப் பார்க்க மறுத்துவிட்டார். அவர் இறந்த பிறகு செவெரினா மனு போட்டுப் பார்த்தாள். ஆறு அறிக்கைகள். எல்லா ஜோக்கும் தேதிவாரியாக, அழகான கையெழுத்தில். எழுதினது ஒவ்வொரு ஜூன் மாதமும் அவர்கள் வீட்டுக்கு ஒரு கூடை செர்ரிப்பழம் கொண்டுவரும் மாமா.

"அந்தப் பழத்துல எத்தன தின்னிருப்பேன்!" என்று என்னிடம் ஒரு முறை சொல்லியிருக்கிறாள்.

பிப்ரவரி முதல் வாரத்தில், கிளினிக்கில் அவளோடு வேலை பார்க்கும் ஒருத்தி போனை நீட்டி, "இது ஒங்க கும்பல் மாதிரி இருக்கே?" என்று கேட்டிருக்கிறாள். முகநூலில் ஒரு பக்கம். பெயர், 'சுங்கச்சாவடி அத்தைகள்'. எழுதுவது யார் என்று இல்லை. ஆனால் எழுதியிருந்ததெல்லாம் எங்கள் அறையில் பேசியது. செவெரினா இரண்டு தெரு ஓடிவந்து என் மேசை மேல் போனை வைத்தாள். நான் படித்தேன்.

திரைச்சீலைக் கடை அத்தை ஸ்பெயினில் இருக்கும் மகனோடு போனில் பேச விஷயம் இல்லாமல் தவிக்கிறாள். வானிலை தீர்ந்துபோனால் டாவினைப் பற்றிப் பேசுகிறார்கள். டாவினுக்கு அம்மா இல்லை என்று அழுகிறாள், தன் மகனுக்கு அம்மா இருந்தும் பிரயோஜனமில்லை என்று. இது முதல் பதிவு. அடுத்தடுத்த பதிவுகளில் நக்கல் ஏறியிருந்தது. நூலகத்து அத்தை தேநீரில் சர்க்கரையைக் கூடக் கணக்குப் பார்த்துப் போடுகிறாளாம். குட்டி நாற்காலியில் நான்கு யானைகளாம்.

மின்கா மகனைப் பற்றிச் சொன்னது டிசம்பரில், மூக்கை உறிஞ்சிக்கொண்டே, எங்கள் ஐந்து பேருக்கு நடுவில். அது வெளியே போயிருந்தது.

"மின்காட்ட காட்டாத. செத்துருவா," என்றாள் செவெரினா. "யாருன்னு நான் கண்டுபிடிக்கிறேன்."

"அவர்தான்னு முடிவு பண்ணிட்டியா?"

"முடிவு பண்ணல. படம் எடுக்காம நான் எதையும் முடிவு பண்ண மாட்டேன்."

குடல் எங்கே அடைத்திருக்கிறது என்று பார்க்க, எக்ஸ்ரேயில் ஒரு வழி உண்டு. சுண்ணாம்புக் குழம்பு மாதிரி வெள்ளையாகப் பேரியம் என்ற ஒன்றைக் குடிக்கவைத்து, அது போகிற பாதையைப் படம் பிடிப்பார்கள். அதையே செய்தாள் செவெரினா. அடுத்த இரண்டு சனிக்கிழமைகளில், எங்கள் நான்கு பேரிடமும் தனித்தனியாக, "யார்ட்டயும் சொல்லாத" என்று ஆளுக்கொரு ரகசியம் சொன்னாள். எந்த ரகசியம் அந்தப் பக்கத்தில் வருகிறதோ, அதைக் குடித்தவர்தான் ஆள்.

என்னிடமும் சொன்னாள். ஏழாம் பாகம் வெளியாகும் நாளில் போட்டுக்கொள்ள, தையல்காரியிடம் கோட்டைக் காவலர்களின் சாம்பல் நிற அங்கி தைக்கக் கொடுத்திருப்பதாக. நான் அதை நம்பி, பூட்ஸ் எந்த நிறத்தில் போடுவாய் என்று வேறு கேட்டேன். பிறகுதான் தெரிந்தது, என் தொண்டையிலும் பேரியம் ஊற்றியிருக்கிறாள் என்று. இன்றைக்கும் எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். மின்காவிடம், எழுத்தாளருக்குப் பதினாறு பக்கத்தில் கடிதம் போட்டிருக்கிறேன் என்றாள். பிளமெனாவிடம், சமையலறை டப்பாக்களில் ஓர்வெல்மார் எழுத்துகளில் மிளகு, சீரகம் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன் என்றாள். ஒக்னியானிடம் நூலகத்துப் படிக்கட்டில் வைத்து, எக்ஸ்ரே பொத்தானை அழுத்தும் முன் ஒவ்வொரு நோயாளிக்கும் நேரினின் சத்தியத்தை வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன் என்றாள்: 'நிழலே, நில். நீ இவருடையது.'

ஒன்பது நாளில் வந்தது. 'எலும்பு அத்தை முறிந்த கைகளுக்கு மந்திரம் போடுகிறாள்' என்ற தலைப்பு. சத்தியம் வரி பிசகாமல் இருந்தது.

மார்ச் மாத முதல் சனிக்கிழமை. எல்லோர் மணிக்கட்டிலும் சிவப்பும் வெள்ளையுமாக, வசந்தம் பிறக்கக் கட்டிக்கொள்ளும் மார்த்தெனிட்சா கயிறு. மின்காதான் ஒக்னியானுக்குக் கட்டிவிட்டாள். அவர் கையை நீட்டிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, நோட்டை மடியில் விரித்தார். செவெரினா எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"அதக் கொஞ்சம் குடுங்க."

"எத?"

"நோட்ட."

அவர் சிரித்தார். "என் கையெழுத்து ஒங்களுக்குப் புரியாதும்மா."

"டாக்டருங்க கையெழுத்தையே இருபத்து நாலு வருஷமாப் படிக்கிறேன்." சட்டென்று குனிந்து பிடுங்கிவிட்டாள். அவர் எழுந்தார், அந்தக் குட்டி நாற்காலி அவரோடு எழுந்து வந்து பிறகு கீழே விழுந்தது. செவெரினா சன்னல் பக்கம் போய் உரக்கப் படித்தாள்.

"'நிழலறுப்பவர், வாங்குபவர், தண்டுபவர். மின்கா முதலாவதைக் கேட்டு முகம் சுளிக்கிறார்.' கேட்டீங்களா? மூஞ்சி சுளிச்சதக் கூட எழுதியிருக்கான். 'ஒனக்கு வச்சிருந்த எடத்துல வேற ஆள் உக்காந்தாச்சு. பிளமெனா சொன்னது. அத்தியாயம் முப்பத்தொன்றுக்கு.' இன்னும் கேளுங்க. 'டாவின் கதவை வெளியே இருந்து சாத்துகிறான். அடைக்கிறான்? உள்ளே நேரின் பிழைக்கிறாள். மின்காவிடம் கேட்க வேண்டும்: மகன் ஊருக்குப் போன அன்று வீட்டுக் கதவைச் சாத்தியது யார்?'"

படிக்கப் படிக்க அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

பிளமெனாதான் முதலில் பேசினாள். "ஆறாவது பாகத்துல இருபத்தெட்டு அத்தியாயம்தானே இருக்கு."

முப்பத்தொன்றாம் அத்தியாயம் உள்ள புத்தகம் இன்னும் எங்கள் மொழியில் வரவில்லை. டாவின் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கிறான் என்பது இரண்டு வருடமாக ஊரே அடித்துக்கொண்ட கேள்விக்கு விடை. அதை செவெரினா சத்தம் போட்டுப் படித்துவிட்டாள்.

"முடிச்சிட்டீங்களா?" ஒக்னியான் நோட்டை வாங்கி மூடினார். "பழைய மொழிபெயர்ப்பாளர் விலகிட்டாரு. ஏழாவத எங்கிட்ட குடுத்திருக்காங்க. புத்தகம் வர்ற வரைக்கும் வெளிய மூச்சு விட மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். சின்னப் பசங்க எப்படிப் பேசுறாங்க, எந்த வார்த்தை அவங்க வாய்க்கு வருதுன்னு எனக்குத் தெரியல. கேக்க வந்தேன். அவ்வளவுதான்."

செவெரினா விடவில்லை. "அப்ப அந்தப் பக்கத்துல எழுதுறது யாரு? எக்ஸ்ரே விஷயத்த ஒங்க ஒருத்தர்ட்டதான் சொன்னேன்."

"எந்தப் பக்கம்?"

அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கு நிஜமாகவே தெரியாது என்று பட்டது. நான் போனில் காட்டினேன். படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இத நான் ஒருத்தர்ட்ட சொன்னேன். பஸ் ஸ்டாப்ல, பிளமெனாகிட்ட. கேலிக்கு இல்ல. கேக்க அழகா இருந்துது, அதான் சொன்னேன்."

பிளமெனா ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்தாள். முகம் வெளுத்திருந்தது. "அக்கா..." என்றாள் செவெரினாவைப் பார்த்து. பிறகு பையை எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினாள்.

"இங்க இப்ப கேட்டத அந்தப் பொண்ணு எழுதிட்டா, என் வேலை போச்சு," என்றார் ஒக்னியான். அவரும் போனார். விழுந்த நாற்காலியை நான் நிமிர்த்தி வைத்தேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே செவெரினா என் வீட்டுச் சமையலறையில் இருந்தாள். போன் மேசை மேல். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். நான் வைத்த காபி ஏடு கட்டியது.

"பேரியம் சில சமயம் எரப்பைக்குப் போகாம மூச்சுக் கொழாய்க்குப் போயிரும்," என்றாள். "அதப் படம் எடுத்துட்டு, கொடல்ல ஓட்டைன்னு எழுதிட்டேன் நான்."

"சரி, பிளமெனாவுக்குப் போன் பண்ணு. எழுதாதன்னு சொல்லு."

"மாட்டேன். கெஞ்சினா எழுத மாட்டா. கெஞ்சாம இருந்தாதான் அவ யாருன்னு தெரியும்."

எனக்கு வந்த கோபத்தில் கரண்டியைத் தொட்டியில் எறிந்தேன். "ஏண்டி, அந்த மனுஷனோட பொழப்ப வச்சா நீ பரிட்ச வைக்கிற? செர்ரிப்பழ மாமாவுக்கும் ஒனக்கும் என்னடி வித்தியாசம்?"

நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் போனை எடுத்து பிளமெனாவை அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. ஐந்து முறை அழைத்தாள். எடுக்கவில்லை.

மத்தியானம் இரண்டு பேரும் மின்கா வீட்டுக்குப் போனோம். இனி அவளிடம் மறைத்துப் பயனில்லை. மின்கா ஊறுகாய் ஜாடியை மடியில் வைத்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். செவெரினா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். மின்கா மூடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியுமே," என்றாள்.

"எது தெரியும்?"

"அந்தப் பக்கம். பிளமெனாதான்னும் தெரியும். அது எழுதுற தினுசு நமக்குத் தெரியாதா? கமென் ஜனவரியிலயே போன் பண்ணிக் கேட்டான். 'அம்மா, இது நீயா? எங்கிட்ட பேச விஷயம் இல்லாம நீ தவிக்கிறியா?'ன்னு. போன்லயே அழுதான், அவ்வளவு பெரிய ஆம்பள. அதுலேருந்து ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கூப்புடுறான். முன்ன மூணு நிமிஷம். இப்ப காது சுடுற வரைக்கும்."

"எங்ககிட்ட ஏன் அக்கா சொல்லல?" செவெரினாவின் குரல் கீச்சிட்டது.

"சொன்னா நீ அந்தப் பொண்ணக் கழுத்தப் புடிச்சுத் தள்ளியிருப்ப. அது எழுதுறத நிப்பாட்டியிருக்கும். கமென் படிக்கிறான்டி. நான் சனிக்கிழமை என்ன பேசினேன்னு அதுலதான் தெரிஞ்சுக்குறான்." ஜாடி திறந்துகொண்டது. "யானைன்னு எழுதினதுக்கு மட்டும் எனக்குக் கோவம். நான் போன வருஷம் எட்டு கிலோ எறக்கினவ."

திரும்பி நடந்து வரும்போது ஆற்றுப் பக்கமிருந்து காற்று அடித்தது. டிராலி பஸ் நிறுத்தம் வந்ததும், "மின்காவுமா!" என்றாள் செவெரினா. அதோடு சேர்த்து இன்னொன்றையும் சொன்னாள். நான் அதை எதிர்பார்க்கவில்லை.

"இஸ்க்ரா, அந்த நாலுல மூணுதான் பொய். படிக்கட்டுல அவரப் பாத்தப்ப சட்டுனு பொய் எதுவும் வரல. வாயில நின்னதச் சொல்லிட்டேன்."

"அப்ப நீ நெஜமாவே..."

"நாலு வருஷமா. ஒவ்வொருத்தருக்கும்." பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

ஞாயிறு எதுவும் வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை. அந்தப் பக்கத்தைப் பின்தொடர்ந்த ஆயிரக்கணக்கான பேருக்கும், நாட்டிலுள்ள அத்தனை நிழல்சுங்கப் பிள்ளைகளுக்கும் டாவின் விஷயத்தைவிடப் பெரிய செய்தி கிடையாது. செவ்வாய்க்கிழமை மதியம் தேடினால் அந்தப் பக்கமே இல்லை.

புதன்கிழமை வேலை முடிந்து செவெரினா கிளினிக்கை விட்டு வந்தபோது, வெளியே கம்பி வேலியில் சாய்ந்து பிளமெனா நின்றிருக்கிறாள். அவர்கள் பேசியதை செவெரினா அன்று மாலையே வந்து எனக்கு ஒப்பித்தாள்.

"ஆரம்பத்துல கேலி இல்லக்கா. மொத பதிவப் படிச்சுப் பாருங்க. மின்கா அத்தைய நெனச்சு அழுதுக்கிட்டேதான் எழுதினேன். அதுக்குப் பதினோரு பேர்தான் லைக் போட்டாங்க. கொஞ்சம் நக்கலா எழுதினதும் நானூறு."

"என்னப் பத்தி எழுதினதுக்கு?"

"ஆயிரத்து எரநூறு."

அதைச் சொல்லும்போது செவெரினா என் முகத்தைப் பார்க்கவில்லை. "கேட்டதும் கொஞ்சம் சந்தோஷமா இருந்துச்சுடி. அதான் எனக்கே கேவலமா இருக்கு."

டாவின் விஷயத்தை ஏன் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறாள். எழுதினேன், சேமித்து வைத்தேன், அனுப்பவில்லை என்றாளாம் பிளமெனா. ஏன் என்றதற்கு, தெரியவில்லை என்றாளாம்.

"தெரியலன்னா என்ன அர்த்தம்? ஒண்ணு ஒக்னியான் மேல பரிதாபம். இல்ல, பதிப்பகம் வழக்குப் போடும்னு பயம். இல்ல, நான் அவளப் பாத்த பார்வ."

"மூணுமா இருக்கும்," என்றேன்.

"மூணும் சேந்து இருக்காது. ஏதோ ஒண்ணு."

ஏப்ரலில் ஒக்னியானைத் தேடிப் போனாள். நூலக உறுப்பினர் அட்டையில் இருந்த முகவரியை நான்தான் கொடுத்தேன். கொடுக்கக் கூடாது, கொடுத்தேன். அவர் வீட்டுக்குள் கூப்பிடவில்லை. கீழே மிட்டாய்க்கடையில் ஆளுக்கொரு கோப்பை புளித்த தானியப் பானமான போசா வாங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்பது செவெரினாவுக்குப் பழக்கமில்லாத வேலை. "நான் தப்பா நெனச்சிட்டேன்," என்று சொல்லிவிட்டுக் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"முழுசாத் தப்புன்னு சொல்ல முடியாது," என்றாராம் அவர். "நான் யாருன்னு சொல்லாமதானே நாலு மாசம் ஒக்காந்து கேட்டேன்? அந்தம்மா மகனப் பத்தி அழுதப்பகூட எந்த வார்த்தையில அழறாங்கன்னுதான் கவனிச்சேன். அன்னைக்கு நீங்க படிச்சு நான் கேட்டப்ப எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு."

"மறுபடியும் வருவீங்களா?"

"மாட்டேன்." கோபமில்லாமல்தான் சொன்னாராம். போசாவைக் குடித்து முடித்துவிட்டு, எழுந்து கை கொடுத்திருக்கிறார்.

ஏழாம் பாகம் அக்டோபரில் வந்தது. டாவின் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றான். முடிவு தெரிந்தேதான் படித்தோம். இருந்தாலும் அந்த இடம் வந்தபோது மின்கா கடையை அரை மணி நேரம் பூட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தாளாம். பதினெட்டாம் தேதி சனிக்கிழமை கூடினோம். நான்கு நாற்காலி போட்டேன். கதவு தட்டாமல் திறந்தது. மார்ச்சுக்குப் பிறகு அந்தப் பக்கமே வராத பிளமெனா, முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். கதவுக்குப் பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மின்கா தட்டை அவள் பக்கம் தள்ளினாள். அந்தப் பெண் பானிட்சாவைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், தின்னவில்லை.

செவெரினா அவளை நேராகப் பார்த்தாள். "இதையும் எழுதப் போறியா?"

"இல்லக்கா."

"ம்." புத்தகத்தை மடியில் திறந்தாள். "சரி. டாவின் துரோகி இல்லன்னு ஒத்துக்குறேன். ஆனா நேரின் உள்ள நின்னுக்கிட்டு ஏன் ஒரு தடவ கூடத் தட்டல? அத யாராவது எனக்குச் சொல்லுங்க."

"தட்டினா அவன் தொறந்துருவான்க்கா," என்றாள் பிளமெனா. முதலில் மெதுவாகத்தான் சொன்னாள். ஐந்து நிமிடத்தில் இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள். பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை பிளமெனா வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் செவெரினா வந்ததும் முதலில் போனை எடுத்து, அத்தை, சுங்கம், எலும்பு என்று ஒவ்வொரு சொல்லாகப் போட்டுத் தேடுவாள். எதுவும் கிடைக்காது.

"வேற பேர்ல இருக்கும்," என்பாள், கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே.